மதுரை வீட்டுத் தோட்டம்: அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்

குளிர்காலத்துக்குத் தோட்டத்தைத் தயார் செய்வது எப்படி என்று தேடினால், செடியைப் போர்வை போட்டு மூடு, உதிர்ந்த இலையை வாரிக் குவி, உறைபனி வரும் முன் கிழங்கைத் தோண்டி எடு என்றுதான் எல்லா இடத்திலும் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு அதில் ஒன்றிரண்டு ஆகலாம். மதுரையில் மார்கழி விடிகாலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், அந்தக் குளிரில் எந்தச் செடியும் சாகாது. இலை உதிர்வதும் நமக்கு இப்போது இல்லை, வேம்பும் புங்கனும் கொட்டுவது மாசி, பங்குனியில்.

நம் ஊரில் புரட்டாசி முதல் மார்கழிவரை இந்த நான்கு மாதத்தில் செடியைக் கொல்வது தேங்கும் தண்ணீரும் காயாத ஈரமும்தான். மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள், அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். அதனால் என் கணக்கு இதுதான்: புரட்டாசியில் வடிகால், ஐப்பசியில் முடிந்தவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது, கார்த்திகை நடுவில் கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) உரமும், மார்கழியில் பனிக்கான கவனிப்பு. பலர் புரட்டாசியில் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள், வடிகாலை மழை வந்த பிறகு பார்க்கிறார்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே பாதிச் செடி பிழைக்கும்.

முதலில் தண்ணீர் வெளியேற வழி

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று சும்மா சொல்லவில்லை. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை கொட்டும். அந்த மழையைச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மழை நின்ற அரை மணி நேரத்தில் மாடிக்கும் கொல்லைக்கும் போய் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். ஐப்பசியில் அதே இடத்தில்தான் இதைப்போல பல மடங்கு நிற்கும்.

மாடித் தோட்டமாக இருந்தால் முதல் வேலை மழைநீர்க் குழாயின் வாய். காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, பையிலிருந்து கரைந்து வந்த மண் எல்லாம் சேர்ந்து அங்கே அடை அடையாகப் படிந்திருக்கும். கையை விட்டு அள்ளி எடுத்துவிட்டு, வாய்க்கு மேல் கம்பி வலையைக் குமிழ் மாதிரி வளைத்துப் பொருத்துங்கள். தட்டையாக வைத்தால் ஒரே ஒரு பூவரச இலை போதும், மூடிவிடும். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிற குழாய் என்றால் (2003இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியபோது போட்டது, பல வீடுகளில் அதற்கப்புறம் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்) தொட்டியில் இருக்கும் மணல், ஜல்லியை எடுத்து அலசிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். முதல் இரண்டு மழை நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள், மாடியின் எச்சமும் உரமும் எல்லாம் அதில்தான் வரும்.

அப்புறம் பைகளும் தொட்டிகளும். ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் கசிய வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் ஒன்று ஓட்டை அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் உள்ளே வேர் பின்னிக் கெட்டித்துப் போயிருக்கிறது. பையின் அடி ஓட்டையைக் குத்திவிடுவது பாதி வேலைதான், ஏனென்றால் பை தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், தண்ணீர் போக இடம் இருக்காது. அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே, பக்கவாட்டில் நான்கு பக்கமும் பழைய ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு ஓட்டை போடுங்கள். பிறகு பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவைத்துவிட்டால் அடியிலும் காற்று ஓடும், தளத்திலும் ஈரம் ஊறாது. நனைந்த பை காய்ந்த பையைவிட ரொம்பவே கனம் என்பதால், எல்லாவற்றையும் மாடி நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகவும் பீம் போகிற வரிசையிலும் பரப்பி வையுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எல்லாம் எடுத்துக் கவிழ்த்து அடுக்கிவிடுங்கள், தை மாதம்வரை அவற்றுக்கு வேலை இல்லை.

தரைத் தோட்டத்தில் மண்ணைப் பொறுத்து வேலை மாறும். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், பெரிதாகக் கவலை வேண்டாம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. ஒரு மழைக்கே உப்பி இறுகிவிடும், மேலே நிற்கிற தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். உங்கள் மண் எந்த ரகம் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி ராத்திரி தண்ணீர் நிரப்பி வையுங்கள். விடிந்தும் தண்ணீர் மிச்சம் இருந்தால் பாத்தி கட்டுவதை மறந்துவிட்டு மேட்டுப் பாத்தி போடுங்கள், அதாவது ஒரு முழம் அகல வாய்க்கால் தோண்டி, தோண்டிய மண்ணை இரண்டு பக்கமும் ஏற்றி முக்கால் அடி உயர மேடாக்கி அதன்மேல் நடுவது. கோடையில் தண்ணீர் நிற்பதற்காகச் செடியைச் சுற்றி வெட்டிய வட்டப் பாத்திகளையும் இப்போது உடைத்துவிட வேண்டும், மாறாக அடித்தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் அணைத்துக் கொடுக்க வேண்டும். எலுமிச்சை, பப்பாளி இரண்டுக்கும் இது ரொம்ப முக்கியம். பப்பாளி அடியில் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலே தண்டு அழுகத் தொடங்கிவிடும், அதற்கப்புறம் எந்த மருந்தும் கேட்காது.

தெருத் தண்ணீரே வீட்டுக்குள் வருகிற தாழ்வான பகுதி என்றால் இதெல்லாம் போதாது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி இடத்தில் இந்த மூன்று மாதத்துக்குத் தரையில் புதிதாக எதையும் நட வேண்டாம், எல்லாம் தொட்டியில், திண்ணை உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

சோற்றுக்கற்றாழை, கள்ளி வகைகள், அடீனியம் மூன்றையும் புரட்டாசி முடிவதற்குள் ஓட்டுச்சாய்ப்புக்குக் கீழே தள்ளிவிடுங்கள். அடீனியத்தின் அடிக்கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும், பொதபொதவென்று இருந்தால் உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கருவிகளும் காயவேண்டியவையும்

ஆயுத பூஜைக்கு எப்படியும் மம்பட்டி, அரிவாள், களைக்கொத்து, கடப்பாரை எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்தச் சாக்கில் முதல் நாளே கவாத்துக் கத்தரியைச் சாணை பிடித்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி விட்டுவிட்டால் கார்த்திகையில் வெட்டும்போது கிளை நசுங்காது. நசுங்கின வெட்டுவாயில்தான் ரோஜாவுக்குக் கருகல் பிடிக்கிறது.

எடுத்து வைத்த விதைகளையும் இந்த வெயிலிலேயே கடைசியாக ஒரு தடவை காயவைத்துவிடுங்கள். காலை வெயில் மட்டும், பாய் அல்லது துணி மேல், சிமெண்ட் தளத்தில் நேரடியாக வேண்டாம். நன்றாக ஆறியபின் சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ போட்டு, காற்றுப் புகாத டப்பாவில். ஐப்பசி ஈரத்தில் விதை பூத்துப்போனால் தைப் பட்டத்துக்குக் கடையில்தான் வாங்க வேண்டும்.

கூடவே இரண்டு மூன்று சாக்கு காய்ந்த இலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் உரத்தொட்டி நாற்றம் எடுப்பதற்குக் காரணம் காய்கறிக் கழிவின் ஈரத்தோடு வானத்து ஈரமும் சேர்வதுதான், ஒவ்வொரு முறை கழிவு போடும்போதும் மேலே ஒரு கை காய்ந்த இலை தூவினால் அது அடங்கும். தொட்டிக்கு மேல் ஒரு தகரத்தையோ பழைய ஃப்ளெக்ஸையோ போட்டு மூடுங்கள்.

சித்திரையில் கட்டின பச்சை நிழல்வலையைக் கழற்றுங்கள். வெயிலே இல்லாத மாதத்தில் இருக்கிற வெளிச்சத்தில் பாதியை அது தின்றுவிடும், செடி கம்பி மாதிரி நீண்டு வளைந்து நிற்கும். காற்றில் வலை பிய்ந்து பந்தலையே இழுத்துக்கொண்டு போவது வேறு.

கட்டுவது, முட்டுக் கொடுப்பது

கொல்லையில் முருங்கை வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். முருங்கையை மாதிரி லேசில் ஒடிகிற மரம் இல்லை. நனைந்த கிளை தன் கனத்துக்கே முறியும், வீட்டுக்கும் மின்கம்பிக்கும் மேலே சாய்கிற கிளைகளைப் புரட்டாசியிலேயே இறக்கிவிடுங்கள், இந்த ஒரு கவாத்துக்கு மட்டும் கார்த்திகைவரை காத்திருக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி திண்டுக்கல் வரைக்கும் மரங்களைச் சாய்த்துக்கொண்டு போனது, மதுரைக்குக் கடல் தூரம்தானே என்று இருந்துவிட முடியாது. மின்கம்பியைத் தொடுகிற கிளையை நீங்களாக வெட்டாதீர்கள், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான்.

வாழை குலை தள்ளியிருந்தால் சவுக்குக் கம்பு இரண்டை எக்ஸ் வடிவில் கட்டிக் குலைக்குக் கீழே கழுத்தில் முட்டுக் கொடுங்கள். காய்ந்த சருகை அறுத்துவிடுங்கள், ஒரு பக்கக்கன்று மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

பந்தலில் பழைய சணல் கயிறு இருந்தால் இழுத்துப் பாருங்கள், வெயிலில் இற்றுப்போயிருக்கும். தேங்காய் நார்க்கயிறோ நைலான் கயிறோ போட்டு மாற்றுங்கள். ஆடியில் போட்ட அவரை இப்போது பந்தலில் ஏறிப் படர்ந்திருக்கும், பகல் குறைந்து குளிர் வந்தால்தான் நாட்டு அவரை பூ எடுக்கும், மார்கழி தையில் காய்த்துத் தள்ளும்போது அந்தக் கனத்தையும் பந்தல் தாங்க வேண்டும். ‘வெறும் கொடிதான் ஓடுது, ஒரு பூவைக் காணோம்’ என்று ஐப்பசியில் அவரையைப் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

மண்ணுக்கு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

பெருமழைக்கு முன்னால் யூரியா, கடலைப்புண்ணாக்குக் கரைசல் மாதிரி சட்டென்று வேலை செய்கிற உரங்களை ஊற்றுவது காசைச் சாக்கடையில் கொட்டுவது. தழைச்சத்து மழையோடு கரைந்து கீழே போய்விடும், போகாமல் நின்றாலும் இலை மெத்தென்று கொழுத்து நோயை வா வா என்று கூப்பிடும். புரட்டாசியில் கொடுக்க வேண்டியது மெதுவாகக் கரைகிறவை மட்டும்: பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஐம்பது கிராம் வேப்பம்புண்ணாக்கு. வேப்பம்புண்ணாக்கை மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள், மேலேயே கிடந்தால் பூசணம் பூக்கும்.

இதோடு ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைச் சேர்த்துவிட்டால் மழை மாத வேர் அழுகலில் பெரும்பகுதி வராது. ஒரு கிலோ மக்கிய தொழுவுரத்துக்கு 50 கிராம் என்று கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் வேர்ப் பக்கம் போடுங்கள். யானைமலை ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியில் விசாரியுங்கள், வேளாண் இடுபொருள் கடைகளிலும் கிடைக்கும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், இது உயிருள்ள பூசணம், வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் மாவுதான் மிஞ்சும். இதைப் போட்ட கையோடு பூசணத்தைக் கொல்லும் தாமிர (காப்பர்) மருந்தை ஊற்றாதீர்கள், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

தொட்டிக் கலவையில் தென்னை நார்க்கழிவு பாதிக்கு மேல் இருந்தால் அது மழையில் ஊறிய பஞ்சாகவே கிடக்கும், காயவே காயாது. புதிதாகக் கலக்கிற பைகளுக்கு நார்க்கழிவைக் கால் பங்காகக் குறைத்து, செங்கல் பொடிசில்லு ஒரு பங்கு சேருங்கள். செடியைச் சுற்றி மண்ணை மூடப் போட்ட இலை, சருகு மூடாக்கை அடித்தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒதுக்கிவிடுங்கள்.

எதை எப்போது விதைப்பது

மதுரைச் சமவெளியில் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கேரட், பீட்ரூட் எல்லாம் வரும், ஆனால் இந்த ஒரு பருவத்தில் மட்டும்தான். கோஸும் காலிஃப்ளவரும் புரட்டாசி இரண்டாம் பாதியில் குழித்தட்டில் விதைத்து, 25 நாள் நாற்றாக நடுவது சரியாக இருக்கும். காலிஃப்ளவர் வாங்கும்போது சமவெளிக்கு ஏற்ற ரகமா என்று கேட்டு வாங்குங்கள், மலை ரகம் வெறும் இலையாக நின்றுவிடும். நாலு கடுகை அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கோஸ் பாத்தி ஓரத்தில் தூவிவிடுங்கள், வைரமுதுகு அந்துப்பூச்சி முதலில் கடுகைத்தான் தேடிப் போகும், அங்கேயே பிடித்து நசுக்கலாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுக்கு மழைச் சாரல் படாத இடம் வேண்டும். தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் நாற்றங்காலில் இருக்கும். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்று ராத்திரியோடு ராத்திரியாக அடியில் கருத்து மடங்கி விழுந்தால் அதுதான் நாற்றழுகல். விதைக்கும் முன் கொஞ்சம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் பாக்டீரியா) பொடியில் புரட்டி எடுங்கள் (கிலோவுக்கு 10 கிராம் என்பது கணக்கு, வீட்டுக்கு ஒரு சிட்டிகை), நெருக்கி விதைக்காதீர்கள், காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். ஐப்பசிக் கடைசியில் விதைத்துக் கார்த்திகையில் நட்ட தக்காளி, தை மாசியில் அள்ளிக் கொடுக்கும். தக்காளிப் பூ காயாகப் பிடிப்பதற்கு நம் ஊரில் இதைவிட நல்ல தட்பவெப்பம் வேறு கிடையாது, சித்திரையில் பூவெல்லாம் கொட்டிப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

கேரட்டையும் முள்ளங்கியையும் நாற்று விட்டு நட முடியாது, நேரடியாகத்தான் விதைக்க வேண்டும், அதனால் அடைமழை ஓய்ந்த கார்த்திகைப் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விதை எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவியும். சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லிக்கும் அதே. ஐப்பசியில் கீரை வேண்டும் என்றால் பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் இருக்கின்றன, எவ்வளவு நனைந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கும்.

பூசணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் மேல் வைக்கப் பூசணிப்பூ வேண்டும் என்றால் அதற்கு விதை ஐப்பசி முதல் வாரத்திலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். விதைத்து ஐம்பது நாளை ஒட்டிப் பூக்கத் தொடங்கும், முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, அதைத்தான் கோலத்துக்குப் பறிக்க வேண்டும், அடியில் பிஞ்சோடு வருகிற பெண்பூவைப் பறித்தால் வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு நிச்சயம். கொஞ்சம் ஆண்பூவைக் கொடியிலும் விட்டு வையுங்கள், எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டால் மகரந்தம் எங்கிருந்து வரும்?

டிசம்பர் பூ, சாமந்தி, செண்டுமல்லி மூன்றையும் இப்போது புதிதாகப் போடுவதைவிட நர்சரியில் மொட்டுக்கு முந்தின நிலையில் இருக்கிற செடியாக வாங்கித் தொட்டி மாற்றுவதே மேல்.

ஐப்பசி: பார்த்துக்கொண்டிருக்கும் மாதம்

மழை தொடர்ந்து பெய்யும்போது மண்ணைக் கொத்தாதீர்கள், நனைந்த பாத்தியில் நடக்காதீர்கள், மருந்து தெளிக்காதீர்கள். கரிசலில் ஈரத்தோடு மிதித்த இடம் கோடைவரை கல்லாகவே கிடக்கும். மழை விட்ட காலையில் பத்து நிமிடம் சுற்றி வந்தால் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை. தக்காளி, கத்தரியில் மண்ணைத் தொடுகிற இலையை ஒரு சாண் உயரம்வரை கிள்ளி எடுங்கள், மண் தெறித்துத்தான் கருகல் ஏறுகிறது. பழுத்த இலை, அழுகின காய் கீழே கிடக்க விடாதீர்கள், நோய் பிடித்தவற்றை உரத்தொட்டியிலும் போடாதீர்கள். வெற்றிலைக் கொடி வைத்திருப்பவர்கள் அடித்தண்டைக் கவனியுங்கள், சோழவந்தான் கொடிக்கால்காரர்களையே இந்த மழைக்காலத்து வாடல் நோய் தூங்கவிடாது, தொட்டியில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். தண்டு கருத்திருந்தால் நல்லாயிருக்கிற நுனியை வெட்டி வேறு மண்ணில் பதியம் போட்டுக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி.

முருங்கையில் தண்டோடு ஒட்டிக் கும்பலாக உட்கார்ந்திருக்கும் கம்பளிப்பூச்சியைப் பகலிலேயே பார்த்துவிடலாம். நீளக் குச்சியில் துணி சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தள்ளிவிடுங்கள். தீப்பந்தம் காட்டுகிற பழைய முறை மரப்பட்டையையும் சேர்த்துச் சுடும், வேண்டாம்.

அடுத்தது நத்தை. கை அளவுக்கு வளர்கிற ஆப்பிரிக்க நத்தை வந்துவிட்ட தோட்டத்தில் ஒரே ராத்திரியில் நாற்றுத்தட்டு மொட்டையாகும். சாயங்காலம் ஒரு ஈரச்சாக்கை மடித்துப் போட்டு அதற்குக் கீழே பப்பாளி இலையையோ கோஸ் இலையையோ வையுங்கள், விடியும்முன் போனால் எல்லாம் அதற்கடியில் கூடியிருக்கும், பொறுக்கிக் கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். வெறும் கையால் தொடாதீர்கள், நத்தையில் மனிதருக்கு ஆபத்தான ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம், கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். உப்பைச் செடிக்குப் பக்கத்தில் மண்ணில் தூவுவது கூடவே கூடாது, நத்தையோடு செடியும் போகும். மரவட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பெரும்பாலும் மக்கினதைத்தான் தின்னும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், காலித்தொட்டி, பூவாளி, டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். அல்லித் தொட்டி இருந்தால் கப்பி மீன் நாலு விடுங்கள். கொல்லையில் செங்கல், ஓடு, விறகு என்று குவித்து வைத்திருப்பதை மழைக்கு முன்பே அப்புறப்படுத்தியிருக்க வேண்டும், பொந்தில் தண்ணீர் ஏறினால் பாம்பு காய்ந்த இடம் தேடி அங்கேதான் வரும். இனிமேல்தான் நகர்த்தப் போகிறீர்கள் என்றால் கம்பால் தட்டிவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, பகலில் செய்யுங்கள்.

கார்த்திகை நடு: மல்லிக்கும் ரோஜாவுக்கும் கவாத்து

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்தது 2013இல். குறியீடு எல்லாம் சரி, வீட்டில் தொட்டியில் வைத்த மல்லி ஏன் பூக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில், அதை யாரும் வெட்டவே இல்லை என்பதுதான். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். குளிர் மாதத்தில் செடி ஓய்ந்து கிடக்கும், மார்கழியில் மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரங்களில் போவது அதனால்தான். அந்த விலையைப் பிடிப்பதற்காகப் புரட்டாசியிலேயே கவாத்து செய்து பார்க்கிற விவசாயிகள் உண்டு, வீட்டுக்கு அந்த வம்பு தேவையில்லை.

நவம்பர் கடைசி வாரம், இரண்டு மூன்று நாள் மழை விட்டிருக்கும்போது தொடங்குங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மொத்தச் செடியையும் வெட்டுங்கள், மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். பிறகு உள்ளே காய்ந்தது, நோஞ்சான் குச்சி, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துச் செடிக்குள் வெளிச்சம் விழும்படி செய்யுங்கள். தரைச் செடிக்கு அடியைச் சுற்றி ஒரு அடி தள்ளி வட்டமாகக் கொத்திவிட்டு 10 கிலோ மக்கிய தொழுவுரம், தொட்டிச் செடிக்கு மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்புழு உரம். ரசாயன உரம் போடுகிறவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு செடிக்கு வருஷத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 60, 120, 120 கிராம், அதைக் கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஆனி ஆடியில் மறு பாதி என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். இது நன்றாக வளர்ந்த தரைச் செடிக்கு, தொட்டியில் இந்த அளவைப் போட்டால் கருகிவிடும்.

துளிர் விடும்போது இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறை, ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம். அதற்கு முன் மண்ணை ஒரு முறை தோண்டிப் பாருங்கள், மழை ஈரத்தில் வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும், அங்கே இரும்பு ஒன்றும் செய்யாது.

ரோஜாவையும் அதே வாரத்தில் வெட்டினால் 45 நாள் கணக்கில் பொங்கலுக்குப் பூ இருக்கும். ஒவ்வொரு தண்டிலும் நான்கைந்து கணு விட்டு, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டு. வெட்டின வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள், ஈரப் பருவத்தில் இதை விட்டுவிட்டால் நுனியிலிருந்து கருத்துக்கொண்டே கீழே இறங்கும். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே வருகிற ஏழு இலைக் காட்டுத்துளிரைத் தயங்காமல் பிய்த்து எடுங்கள். இலையில் கரும்புள்ளி இருந்தால் அதே மருந்து லிட்டருக்கு இரண்டரை கிராம்.

கறிவேப்பிலையை இப்போது தொடாதீர்கள், குளிரில் அது மந்தமாகத்தான் துளிர்க்கும், கவாத்துக்கு மாசி நல்லது. எலுமிச்சையில் காய்ந்த குச்சி மட்டும். மாமரத்தில் கத்தரி படவே கூடாது, தண்ணீரும் நிறுத்திவிடுங்கள், காய்ந்தால்தான் தையில் பூ எடுக்கும்.

மார்கழிப் பனி

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் மழை நின்றுவிட்டது என்பதையே கவனிக்காமல் டிசம்பர் கடைசியில் தொட்டியைக் காயப்போடுகிறவர்கள் நிறைய. மேலே பனி ஈரம் மினுமினுக்கும், உள்ளே ஒரு விரல் ஆழத்தில் புழுதி. விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள், விடிந்து வெயில் ஏறிய பிறகு, வேரில் மட்டும். சாயங்காலம் இலை நனைய ஊற்றினால் ராத்திரிப் பனியும் சேர்ந்துகொண்டு மறுநாள் பத்து மணிவரை காயாது.

பூசணி, பீர்க்கு, வெண்டை இலைகளில் மாவு தூவின மாதிரி வருவது சாம்பல் நோய். முதல் வெள்ளைப் புள்ளியிலேயே அந்த இலையை எடுத்துவிட்டு, புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை தெளியுங்கள். வெண்டையில் அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஆனால் பூசணி, பீர்க்குக் குடும்பத்துக்குக் கந்தகம் வேண்டாம், இலை கருகும்.

அவரை பூத்து நிற்கும் நேரம் பார்த்து நுனியில் கருப்பாக அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அப்பும். கூடவே எறும்பு ஏறினால் அதுவே அடையாளம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி விழுந்துவிடும், மீதிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். அதே கொடியில் பொறிவண்டு ஊர்ந்துகொண்டிருந்தால் தெளிக்காதீர்கள், ஒரு வாரம் அதற்கு விட்டுப் பாருங்கள், அதன் குஞ்சு பார்க்க முதலை மாதிரி கறுத்து விகாரமாக இருக்கும், பூச்சி என்று நினைத்து அதை நசுக்கிவிட வேண்டாம்.